ஐயாவுக்கு ஒரு பொட்டு

பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் அப்பா, அதாவது என் மாமா, எங்கேயாவது விழுந்து கிடப்பார் என்ற பயம் அந்த வருடங்களில் என் கூடவே சைக்கிளில் வந்தது. வயலுக்குப் போனால் வந்தது. சங்கக்கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றால் பக்கத்தில் வந்து நின்றது. கிபிர் விமானத்தின் குண்டுக்கும் செல்லுக்கும் ஊரே பயந்தது. அந்தப் பயத்தைப் பக்கத்து வீட்டுக்காரனோடு பேசித் தீர்க்கலாம். இது எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் மட்டுமே சொந்தமான பயம். அதை நாங்கள் இரண்டு பேரும்கூட வாய்விட்டுப் பேசிக்கொள்வதில்லை.

நாங்கள் அப்போது தர்மபுரத்தில் தெருக்கரையோடு இருந்தோம். நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தீர்கள். மாமா எங்களோடு இருக்கவில்லை. ஒழுங்கையால் உள்ளே போய், வாய்க்காலைக் கடந்து, பற்றைக்காட்டுக்கு அப்பால் அவருடைய மண்வீடு தனியே நின்றது. மலைநாட்டில் கலவரம் நடந்து நாங்களெல்லாம் ஒரு தகரப் பெட்டியோடு வன்னிக்கு வந்த காலத்தில், காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, மண்ணைக் குழைத்து அவரே கட்டிய வீடு அது. மாமி காலமான பிறகும் அவர் அதை விட்டு வரவில்லை. தானே சமைத்தார், தானே துவைத்தார். தெருக்கரைக்கு வந்து எங்களோடு இருக்கும்படி உங்கள் அம்மா எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்தாள்.

"லயத்துல பொறந்தேன். லயத்துலயே கல்யாணம் கட்டுனேன். ஒரே காம்பராவுல ஆத்தா, அப்பன், தங்கச்சிங்க, கோழின்னு அத்தனை பேரும் படுத்தோம். இப்பதான் காலை நீட்டிப் படுக்கிறேன். அதையும் மடக்கச் சொல்றியா புள்ள?" என்று கேட்பார்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒற்றை அறைதான். அதைத்தான் காம்பரா என்பார்கள். உங்கள் அம்மா என்னைப் பார்ப்பாள். நான் மருமகன். மாமனாருக்கு உத்தரவு போட எனக்கு வாய் வராது. இரண்டு பேரும் திரும்பி வந்துவிடுவோம்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை விழுந்திருந்தது. வெட்டி எடுப்பதென்றால் வவுனியாவுக்குப் போக வேண்டும். அது ஆமி இருக்கும் பக்கம், போக அனுமதிப் பாஸ் வேண்டும், போனால் திரும்பி வருவது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அவர் போகவில்லை. ஆள் வந்து நின்றால் நிழல் போலத் தெரியும், வெளிச்சமும் இருட்டும் தெரியும், அவ்வளவுதான். அப்படியிருந்தும் அவர் தனியாகச் சமாளித்தார். எப்படி என்று நான் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை. பிறகுதான் விளங்கியது. எல்லாம் ஒரு நடைபாதையால் நடந்த காரியம்.

அவருடைய வாசலுக்கு நேரே, அடுத்த வளவில், சுற்றுக்கட்டு உள்ள நல்ல கிணறு இருந்தது. அந்த வளவுக்காரரும் மலையகத்து ஆட்கள்தான். வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். நடுவில் வேலியென்று ஒன்றும் இல்லை. மாமா நடந்து நடந்து, வாசலிலிருந்து கிணற்றடிவரை புல் முளைக்காத ஒரு கோடு விழுந்திருந்தது. அந்தக் கோட்டில் அவருடைய காலுக்குக் கண் இருந்தது. குடிக்க, குளிக்க, துவைக்க, உலை வைக்க, எல்லாத் தண்ணீரும் அந்தக் கோட்டால் வந்தது. வாளியை வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையைக் கொஞ்சம் முன்னுக்கு நீட்டிக்கொண்டு, அவர் பாட்டுக்குப் போவார், வருவார்.

பிறகு கரையில் பெரிய சண்டை நடந்தது. முல்லைத்தீவுக் கடலோரச் சனங்கள் மூட்டையும் பாயுமாக உள்ளே வந்தார்கள். அதில் ஒரு குடும்பம் அந்த வெறும் வளவில் வந்து இருந்தது. வேதக்காரர். புருசன் மீன்பிடிக்கிறவர், கடலை விட்டு வந்ததால் களப்பில் இறால் பிடிக்கப் போய்வருவார். அவருடைய மனைவிக்கு ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் செபமாலை, வாயில் ஓயாத கதை. நாங்கள் அக்கா என்போம். வயதுக்கு வந்த பெண்பிள்ளைகள் இருந்தபடியால் அவர்கள் முதலில் செய்த வேலை வேலி போட்டதுதான். கதியால் நட்டு, கிடுகு கட்டி, ஆள் தெரியாத வேலி. போடுவதற்கு முன்னால் மாமாவிடம் வந்து கேட்டிருக்கிறார்கள்.

"போடுங்கம்மா, ஒங்க வளவுதானே," என்று சொல்லிவிட்டார் இவர். தன்னுடைய வழி அடைபடப் போகிறதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்பது அவருக்குக் கூச்சம்.

வேலி வந்த பிறகு கிணற்றுக்குப் போவதென்றால் ஒழுங்கையில் இறங்கி, சுற்றி, அவர்களுடைய படலையால் உள்ளே போக வேண்டும். அந்த ஒழுங்கை ஓரமெல்லாம் பங்கர். கிபிர் வரத் தொடங்கியபின், வழியில் போகிறவர்களும் குதித்துத் தப்பட்டும் என்று ஆளுக்காள் வெட்டிய குழிகள். நெஞ்சளவு ஆழம், மழை பெய்தால் தண்ணீர், வெயில் காலத்தில் பாம்பு. கண் தெரிந்தவன் ஓடி வந்து விழுந்து உயிர் தப்புவான். கண் தெரியாத மனிதருக்கு அந்த ஒழுங்கை முழுக்க வாயைத் திறந்துகொண்டு கிடந்தது.

ஒரு நாள் உங்கள் அம்மா போனபோது அவருடைய முழங்கால் தோல் உரிந்து, வேட்டியெல்லாம் சேறு.

"என்னப்பா இது?"

"மாடு ஒன்னு இடிச்சிருச்சு."

"எந்த மாடு?"

"அது பேரு சொல்லிட்டா இடிக்கும்?"

உங்கள் அம்மா வீட்டுக்கு வந்து அழுதாள். காலையும் மாலையும் தான் போய் இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு வருவதாகச் சொன்னாள். அதை நான் மாமாவிடம் போய்ச் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாப்பிள்ள, வாயில தண்ணி ஊத்த ஒரு நாளைக்கு ஆள் வேணும்தான். அந்த நாள் வர்றப்ப சொல்லியனுப்புறேன்."

அவள் எடுத்து வைத்த தண்ணீரைக் கோழிக்கும் முருங்கை மரத்துக்கும் ஊற்றிவிட்டு, அவர் மறுபடி வாளியோடு ஒழுங்கையில் இறங்கினார். வாளி கதியாலில் இடிபடும் சத்தம் கேட்டதும் கரையார் வீட்டு அக்கா ஓடி வந்து, "ஐயா, இடப்பக்கம், இடப்பக்கம்!" என்று கத்துவாவாம். ஒரு நாளைக்கு அவா வீட்டில் இல்லாமல் போனால்? அந்த நினைப்பில் எனக்கு வயலில் மண்வெட்டி நேராக விழாது.

அந்த மாரியில் மாமாவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. குலைப்பன் என்றால் சும்மா குலைப்பன் இல்லை, கட்டில் ஆடும். உங்கள் அம்மா பகலில் அங்கேயே இருந்து கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். ஒரு மத்தியானம், நான் வயலால் வந்து கால் கழுவிக்கொண்டு நிற்கிறேன், அவள் ஒழுங்கையால் ஓடிவருகிறாள்.

"என்னங்க, அந்தம்மா ஒரு பேச்சு பேசிருச்சுங்க."

"எந்தம்மா?"

"கரையில இருந்து வந்த அக்காதான். வேலிக்கு மேலால எட்டிப் பார்த்து சொல்லுது, 'ஐயாவுக்கு ஒரு பொட்டு வைச்சு விடுங்கோவன் தங்கச்சி. எத்தினை நாளைக்கு அந்த மனுசன் இப்பிடிக் கஷ்டப்படுறது? நாங்களும் வந்து உதவி செய்யிறம்'னு."

எங்கள் ஆட்களில் படுக்கையில் கிடக்கும் ஒருவருக்குப் பொட்டு வைப்பதென்றால் என்ன அர்த்தம்? குளிப்பாட்டி, விபூதி பூசி, சந்தனப் பொட்டு வைத்து, நெற்றியில் காசு ஒட்டி, பிறகு தூக்குவதுதான். மாமிக்கு அப்படித்தான் வைத்தோம். அந்தப் பொட்டு வைத்தது உங்கள் அம்மாவின் கை.

"உயிரோட இருக்கிற மனுசனுக்கா அப்படிச் சொன்னாங்க?"

"ஆமாங்க. அப்பா காதுலயும் விழுந்திருச்சு. கண்ண மூடிக்கிட்டாரு."

கடற்கரை ஆட்களுக்கு வற்றும் பெருக்கும் தெரியும், கடல் வற்றுகிற நேரத்தில்தான் உயிர் பிரியும் என்று அவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. நாங்கள் அதைக் கேள்விப்பட்டிருந்தோம். அந்த அக்காவுக்கு எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு குறி தெரிந்திருக்கிறது என்று எனக்குப் பட்டது. அன்றைக்கே ஒரு வண்டில் பிடித்து, வைக்கோல் பரப்பி, மாமாவை ஏற்றி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். காய்ச்சலில் அவருக்கு மறுக்கச் சீவன் இல்லை.

காய்ச்சல் விட்டது. ஆனால் பழைய மாமா திரும்பி வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு அவருக்குத் தெரியாத காடு. அவருடைய வீட்டில் வாசல் காலுக்கு நேரே. இங்கே படுக்கைக்கு இடப்பக்கம், அதிலும் ஒரு படி. உங்களுடைய புத்தகமும் செருப்பும் பந்தும் தரையெல்லாம். தெருவில் ட்ரக்டர் போனால் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் சுவரைப் பிடித்துக்கொள்வார். மலசலகூடம் நாலு வீட்டுக்குப் பொது, வளவின் அந்தத் தொங்கலில். ஒவ்வொரு தரமும் உங்கள் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். பெற்ற மகள்தான், ஆனாலும் ஆண்பிள்ளைக்கு அது எப்படி இருக்கும்? அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். ஒரு நாள் விடியற்புறம் கதவைத் தேடிக் காணாமல், யாரையும் எழுப்பவும் மனமில்லாமல், மூலையில் பெய்துவிட்டார். உங்கள் அம்மா சாணம் கரைத்து மெழுகினாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் ஒரே வார்த்தைதான்.

"சாப்பிடுறீங்களா அப்பா?"

"இருக்கட்டும்."

"வெளிய கொஞ்சம் ஒக்காரலாமா?"

"இருக்கட்டும்."

இனி அவர் எங்கும் விழமாட்டார். அது சரி. விழுவதற்கு எழும்ப வேண்டுமே. இவ்வளவு நாளும் விழுவார் என்று பயந்த எனக்கு, இப்போது அவர் எழும்பவில்லையே என்ற பயம் பிடித்தது. கை நடுங்கத் தொடங்கியது, சோற்றை உங்கள் அம்மா பிசைந்து ஊட்டினாள். உங்களில் சின்னவர் ஒரு நாள் என்னிடம் வந்து, "தாத்தா நெத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாரு," என்று சொன்னார். அந்தப் பொட்டைத்தான் அவர் தேடுகிறார் என்று எனக்கு விளங்கியது. உங்கள் அம்மாவிடம் அதை நான் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து, கரையார் வீட்டு அக்கா ஒரு காகிதச் சரை இறால் கருவாட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தா. உங்கள் அம்மா கதிரையை இழுத்துப் போடவில்லை. அவா நின்றபடியே கேட்டா.

"ஐயா எப்பிடி இருக்கிறார் தங்கச்சி?"

"இருக்காரு. நீங்க நெனச்ச மாதிரி இன்னும் ஆகல."

"நான் என்னத்தை நினைச்சனான்?"

"பொட்டு வைக்கச் சொன்னீங்களே!"

"ஓம், சொன்னனான். அண்டைக்கே அதை வைச்சிருந்தால் அந்தாள் இஞ்சை வந்து இப்பிடி முடங்கிக் கிடக்கத் தேவையில்லையே."

உங்கள் அம்மா குசினியிலிருந்த அகப்பையோடு வாசலுக்கு வந்துவிட்டாள். "ஒங்க வீட்டு ஆளுக்குப் போய் வைங்க பொட்டு!"

"என்ன பிள்ளை கோவிக்கிறீர்? எங்கடை பக்கம் நாங்கள் வைப்பம். உங்கடை பக்கம் உங்களைக் கேக்காமல் வைக்கேலுமோ? வேலி ரெண்டு வளவுக்கும் பொதுவெல்லோ?"

"வேலியா?"

"வேலியில்லாமல் பேந்து எங்கை பொட்டு வைக்கிறது?"

எனக்குத்தான் முதலில் ஏதோ தட்டுப்பட்டது. "அக்கா, பொட்டுன்னா ஒங்க ஊரில என்ன?" என்று கேட்டேன்.

"பொட்டெண்டால் பொட்டுத்தான். வேலியிலை ஒராள் பூந்து போக விடுற வழி. பக்கத்து வீட்டிலை நெருப்பு வாங்க, ஒரு பிடி உப்பு வாங்க, சும்மா கதைச்சிட்டு வர. பொட்டில்லாத வேலி எங்கடை ஊரிலை பகையாளி வீட்டுக்குத்தான்." சொல்லிக்கொண்டு வந்தவா எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்தா. உங்கள் அம்மாவின் நெற்றியில் இருந்த குங்குமத்தையும் பார்த்தா. கை வாய்க்குப் போனது. "என்ரை மாதாவே! நான் ஐயான்ரை நெத்தியிலை வைக்கச் சொன்னதெண்டோ நினைச்சனீங்கள்?"

வன்னிக்கு வந்து இவ்வளவு காலமாகியும் எங்களுக்கு அந்தச் சொல் தெரியாது. படலை தெரியும், ஒழுங்கை தெரியும். லயத்தில் வேலி கிடையாது, சுவர்கூடக் கூரைவரை போகாது. இந்தத் தொங்கல் காம்பராவில் இருமினால் அந்தத் தொங்கலில் "யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்பார்கள். இங்கே வந்தும் எங்கள் ஆட்கள் இருந்த பக்கத்தில் வேலி என்றால் மாடு வராமல் நட்ட தடிதான். நினைத்த இடத்தால் போவோம், வருவோம். வேலியில்லாதவனுக்குப் பொட்டு எதற்கு?

அக்கா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் கதிரையில் தானாகவே உட்கார்ந்தா. "நான் வேதக்காரி, என்ரை நெத்தியிலையே பொட்டில்லை. நான் போய் மற்றவையின்ரை நெத்திக்குச் சொல்லுவனோ!"

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. வாரக்கணக்காக 'இருக்கட்டும்' தவிர ஒன்றும் சொல்லாத குரல்.

"அம்மா, அந்தப் பொட்டு எவ்வளவு அகலம் இருக்கும்?"

"நீங்கள் போய்வாற அளவுக்கு, ஐயா."

"வாளியோட போகணுமே."

"வாளியோடைதான் ஐயா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

திரும்ப அனுப்புவதா என்று உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் பெரிய வாக்குவாதம். "அங்க போய் ஏதாவது ஆச்சுன்னா ஊர் என்னைய என்ன சொல்லும்?" என்று கேட்டாள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மாமா தன் சாரத்தையும் சுருட்டுப் பெட்டியையும் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வாசலைத் தேடிக் கண்டுபிடித்து, படியில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். மத்தியானம் உங்கள் அம்மாவே வண்டில்காரனுக்குச் சொல்லியனுப்பினாள்.

பொட்டு வைத்தது அக்காவின் புருசன். பழைய கோடு எங்கே போகிறது என்று காலால் தேடிப் பிடித்து, அதற்கு நேரே இரண்டு கதியால்களுக்கு நடுவில் கிடுகைப் பிரித்துவிட்டார். அதோடு விடவில்லை. கடலில் பாவித்த தடித்த கயிறு ஒன்று வைத்திருந்தார். அதை மாமாவின் வாசல் மரத்தூணிலிருந்து பொட்டால் கொண்டுபோய்க் கிணற்றுக் கப்பிவரை, அங்கிருந்து அவர்களுடைய பங்கர் வாசல்வரை, இடுப்பளவு உயரத்தில் தடி நட்டு இழுத்துக் கட்டினார்.

"நான் என்ன மாடா, கயிறு கட்டுறதுக்கு?" என்றார் மாமா.

"இது சுறா இழுத்த கயிறு ஐயா. உங்களை ஒருக்கா கிணத்தடிக்கு இழுக்காதோ?"

"சுறாவுக்கு வயசு எத்தனை?"

"உங்களிலும் இளசுதான். பிடியுங்கோ பாப்பம்."

அன்றிலிருந்து காலையில் அக்கா பொட்டடியில் நின்று, "ஐயா, தேத்தண்ணி குடிச்சாச்சோ?" என்று கூப்பிடுவா. "ஆச்சும்மா," என்று பதில் வரும். வராவிட்டால் எட்டிப் பார்ப்பா. அவ்வளவுதான் ஏற்பாடு. அவாவுடைய பெண்பிள்ளைகள் தண்ணீர் அள்ளித் தருவதாகச் சொன்னால், தேயிலைக்கொழுந்துக் கூடை சுமந்த முதுகுக்கு ஒரு வாளி பாரமில்லை என்பார். இரண்டு மாதத்தில் கை நடுக்கம் நின்றது. நான் போகும்போது சில நேரம் வீட்டில் இருக்கமாட்டார். பொட்டால் அங்காலே போய் அக்காவின் புருசனோடு வலை முடிந்துகொண்டிருப்பார். முடிச்சுப் போடக் கண் வேண்டாமாம்.

எனக்குப் பயம் குறைந்ததா என்றால், இல்லை. வேறு மாதிரி ஆனது.

கிபிர் எங்கள் பக்கம் குண்டு போட்ட நாள் உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். முற்பகல். நான் வயலில் நின்றேன். இரண்டு வந்து சுற்றின, பிறகு நிலம் குலுங்கியது. புகை எழும்பியது ஒழுங்கையின் உட்பக்கத்தில். வரம்பில் ஏறினால் எதிரே உங்கள் அம்மா ஓடிவருகிறாள். அவள் பள்ளிக்கூடப் பக்கம் திரும்பினாள். நான் சைக்கிளை மாமாவின் பக்கம் திருப்பினேன். உங்களை விட்டுவிட்டு அவரிடம் போகிறேனே என்று ஒரு நினைப்பு. அவரை விட்டுவிட்டு உங்களிடம் வந்திருந்தால் அந்த நினைப்பும் இப்படித்தான் குத்தியிருக்கும்.

ஒழுங்கை முழுக்கத் தூசி. வாய்க்காலுக்குப் பிறகு சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். பாலைமரம் ஒன்று முறிந்து குறுக்கே கிடந்தது. மாமாவின் வீடு நின்றது, கூரையில் பாதி இல்லை. கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாருமில்லை. அடுப்பில் தேத்தண்ணிக் கேத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய வளவுப் பங்கருக்குள் குனிந்து பார்த்தேன், வெறும் பங்கர். "மாமா, மாமா" என்று கத்தினேன். என் குரல் எனக்கே ஆடு கத்துவது போலக் கேட்டது.

"கத்தாதேங்கோ தம்பி!" அக்காவின் குரல் நிலத்துக்கு அடியிலிருந்து வந்தது. "இஞ்சைதான் இருக்கிறார். நான் செபமாலை சொல்ல விடாமல் முருகா முருகா எண்டு எங்களையும் குழப்பிக்கொண்டு."

பொட்டால் புகுந்து போனேன். அவர்களுடைய பங்கர் வாசலில் மாமா தலையெல்லாம் தூசியோடு இருந்தார். "கூட்டிவர எண்டு நான் வெளிக்கிட்டன், ஐயா கயித்தைப் பிடிச்சுக்கொண்டு முன்னாலை நிக்கிறார்," என்றா அக்கா. நான் தொப்பென்று நிலத்தில் குந்திவிட்டேன். மாமா சத்தம் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"என்ன மாப்பிள்ள, விழுந்துட்டீங்களா?"

அதற்குப் பிறகு ஒரு வருடம்போலக் கழிந்தது. கரைக்குத் திரும்பிப் போகலாம் என்ற கதை பலமாக வந்தது. கடல்காரரை எத்தனை காலம் வயலோரத்தில் வைத்திருக்க முடியும்? அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னா. சொல்லும்போதே அழுதா. "வீட்டைப் பிரிக்கமாட்டம் தம்பி. வேலியும் அப்பிடியே கிடக்கட்டும். ஆரும் நல்ல சனம் வந்து இருந்தால் சரி."

யார் வருவார்கள்? வராமலே விட்டால்? வெறும் வளவில் அவர் கிணற்றடியில் சறுக்கினால் யார் எட்டிப் பார்ப்பது? வந்தவர்கள் பொட்டை அடைத்துவிட்டால்? பழைய பயங்களெல்லாம் பிள்ளை குட்டிகளோடு திரும்பி வந்தன. உங்கள் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"இங்க கூட்டிட்டு வந்தா மறுபடி சுவத்தப் பார்த்துப் படுத்துருவாரு. அங்க விட்டா என்னைக்கு எந்தக் குழியில கெடப்பாருன்னு தெரியாது. நான் என்னங்க செய்வேன்?"

தெருக்கரையில் எங்களுக்கு எல்லாம் கிட்ட. பள்ளிக்கூடம், சங்கக்கடை, ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை. உள்ளே போனால் மழைக்கு ஒழுங்கை வாய்க்காலாகும், நீங்கள் சேற்றில் நடக்க வேண்டும். பற்றையில் பாம்பு, யானை. இதெல்லாம் தெரிந்துதான் நான் அக்காவின் புருசனிடம் போய், அவர்களுடைய வளவில் நாங்கள் இருந்துகொள்ளலாமா என்று கேட்டேன். அவர் என் தோளில் தட்டினார். நீங்கள் இரண்டு பேரும் வண்டிலில் ஏறமாட்டோம் என்று அழுதீர்கள். பெரியவர் என்னோடு ஒரு கிழமை பேசவில்லை. அப்போது உங்களுக்குக் காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மாமாவிடம் போய்ச் சொன்னபோது அவர் சந்தோசப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெடுநேரம் சுருட்டைப் பற்றவைத்தார்.

"வர்றது வாங்க. வேலியப் பிரிக்கக் கூடாது."

"எதுக்கு மாமா இனி வேலி? நாங்கதானே."

"நீங்கன்னுதான் சொல்றேன். பிரிச்சீங்கன்னா நான் ஒங்க வீட்டுல இருக்கேன்னு ஆயிரும். பொட்டு போதும்."

உங்கள் அம்மாவிடம் இன்னொன்றும் சொன்னாராம். கிணற்றடிக்கு வரும்போது யாரும் வந்து கையைப் பிடிக்கக் கூடாது, குரல் கொடுத்தால் போதும்.

நாங்கள் குடிபோன மறுநாள் காலை. இரவு தூறியிருந்தது, கிணற்றடி வழுக்கல். உங்கள் அம்மா குசினி வாசலில் நின்றாள், நான் அவளுக்குப் பின்னால். பொட்டடியில் முதலில் வாளி தெரிந்தது, பிறகு கை, பிறகு அவர். கயிற்றைத் தொட்டும் தொடாமலும் வந்தார். கிணற்றுக் கட்டுக்குக் கிட்ட வலது கால் ஒரு சாண் சறுக்கியது. நான் கால் எடுத்து வைத்துவிட்டேன். உங்கள் அம்மா திரும்பாமலே என் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடியை விடவில்லை. நித்திரையால் எழும்பி வந்த சின்னவர் "தாத்..." என்று தொடங்க, மற்றக் கையால் பிள்ளையின் வாயைப் பொத்தினாள்.

அவர் கயிற்றைப் பிடித்து நிமிர்ந்தார். பிறகு வாளியை இறக்கினார், தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. மெல்ல மெல்ல இழுத்தார். திரும்பிப் போகும்போது அரை வாளி வழியில் சிந்தியது. மிச்சத்தோடு பொட்டால் குனிந்து போனார்.

அப்போதுதான் மூச்சு விட்டோம். நாளைக்கும் இப்படித்தான் வருவார் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்த உடனேயே மறுபடி பயம் வந்தது.